தண்ணீர்த்தொட்டி மேல் இருக்கும் ஒரே கருவியை நம்பலாமா?

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு தன்னார்வலர் கேட்கிறார்: 2018 நவம்பரில் கஜா அடித்தபோது செல்போன் டவர் படுத்து, பக்கத்து ஊரில் யார் எப்படி இருக்கிறார்கள் என்றே தெரியாமல் தவித்தோம். அதனால் எட்டு மெஷ்டாஸ்டிக் ரேடியோ (போனோடு இணைத்து, டவரும் இன்டர்நெட்டும் இல்லாமல் குறுஞ்செய்தி அனுப்பும் சின்னக் கருவி) வாங்கி நான்கு ஊருக்குப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒத்திகையில் தண்ணீர்த்தொட்டி மேல் இருந்ததற்கு சார்ஜ் தீர்ந்ததும் கிழக்கே இரண்டு ஊர் அறுந்துவிட்டது. இன்னும் வாங்கவா?

இப்போதைக்கு வேண்டாம். இருக்கும் எட்டை இடம் மாற்றிப் பாருங்கள். டவரே இல்லாமல் ஒரு ரேடியோ கேட்டதை அடுத்தது திருப்பிச் சொல்லிக்கொண்டே போவதுதான் இதன் பலம், ஆனால் கிழக்குக்குப் போகும் எல்லாச் செய்தியும் அந்தத் தொட்டி வழியாகத்தான் போகிறது என்றால் அதுவே உங்கள் டவர் ஆகிவிட்டது, அது விழுந்தால் எல்லாம் விழும். ஒவ்வொரு கருவியாக அணைத்துவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் செய்தி அனுப்பிப் பாருங்கள். எதை அணைத்தால் நிற்கிறதோ அதற்கு மாற்று வழி தேவை. அந்த மாற்றையும் அதே தொட்டியில் கட்டாதீர்கள், ஒரே காற்று இரண்டையும் கொண்டுபோய்விடும். புயல் பாதுகாப்பு மைய மொட்டை மாடி நல்ல இடம்.

நடுவில் இருப்பது எல்லார் செய்தியையும் சுமப்பதால் அதற்குத்தான் முதலில் சார்ஜ் தீரும். அங்கே இஎஸ்பி32 என்ற சிப் உள்ள ரேடியோவை வைக்காமல், மிகக் குறைவாக மின்சாரம் எடுக்கும் என்ஆர்எஃப்52 சிப் உள்ளதை வையுங்கள். சோலார் இருந்தாலும் புயல் நாட்களில் வெயில் இருக்காது, பேட்டரி மட்டுமே மூன்று நாள் தாங்குகிறதா என்று இப்போதே சோதித்துவிடுங்கள்.

அப்புறம், பலரும் செய்யும் தவறு: எட்டையும் ரவுட்டராக (கேட்டதை எப்போதும் திருப்பிச் சொல்லும் அமைப்பு) மாற்றி, ஹாப் எண்ணிக்கையை, அதாவது ஒரு செய்தி எத்தனை முறை கைமாறலாம் என்பதை, 3லிருந்து உச்சமான 7க்கு ஏற்றிவிடுவது. எல்லாருக்கும் ஒரே அலைவரிசைதான், எல்லாம் ஒரே நேரத்தில் திருப்பிச் சொன்னால் ஒன்றையொன்று மோதி ஒன்றுமே போய்ச் சேராது. உயரத்தில் இருக்கும் ஒன்றிரண்டு மட்டும் ரவுட்டராக இருந்தால் போதும். கடைசி ஊர் எட்டவில்லை என்றால் மட்டும் ஹாப்பை ஒன்று கூட்டுங்கள்.

முக்கியமானது ஒன்று. குழுவுக்கு அனுப்பிய செய்தி போய்விட்டது என்று ஆப் காட்டினால், பக்கத்தில் ஏதோ ஒரு ரேடியோ அதைக் கேட்டுத் திருப்பிச் சொன்னது என்றுதான் பொருள், கடைசி ஊருக்குக் கிடைத்தது என்று அல்ல. அதனால் மருந்து, படகு, ஆம்புலன்ஸ் சம்பந்தப்பட்ட எதையும் ஊர்ப் பெயரோடு "கிடைத்தது" என்று பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லி உங்கள் ஆட்களைப் பழக்குங்கள்.