டிவி தொடரில் போலீஸ் ஹீரோ சட்டத்தை மீறி அடிக்கும்போது கைதட்டத் தோன்றுகிறதே, அது தவறா?

தவறு என்று சொல்ல மாட்டேன். நானும் தட்டியவன்தான்.

'தி ஷீல்ட்' என்கிற அமெரிக்க போலீஸ் தொடரின் முதல் எபிசோடைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். காணாமல்போன சிறுமி எங்கே என்று தெரிந்துகொள்ள, போலீஸ் ஹீரோ விக் மேக்கி ஒரு டாக்டரை அறைக்குள் வைத்து டெலிபோன் டைரக்டரியால் சாத்துகிற காட்சி. அநேகமாக ராத்திரி தனியாக உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள், "போடு அவனை" என்று வாய்விட்டே சொல்லியிருப்பீர்கள், அப்புறம் தூக்கம் வராமல் இங்கே வந்திருப்பீர்கள். சரி, நான் அந்த மாதிரி அறையில் அடி வாங்கியவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

2009. தென் மாவட்டத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். பி.காம். இரண்டு அரியரோடு நின்றுகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில் டூ வீலர் ஸ்டாண்டில் டோக்கன் போடுகிற வேலை, நாளுக்கு 120 ரூபாய். (டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து நம்மிடமே எகிறுகிற ஆட்களைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுதலாம்.) ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு ஸ்ப்ளெண்டர் காணவில்லை. வண்டிக்காரர் கையில் டோக்கன் இருக்கிறது, என்னிடம் அடிக்கட்டை இருக்கிறது, வண்டி மட்டும் இல்லை. பூட்டை உடைத்த அடையாளம் கிடையாது. அப்படியென்றால் உள்ளாள் வேலை. உள்ளாள் என்றால் நான்.

கூட்டிக்கொண்டு போன எஸ்.ஐ.யைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காசுக்குக் கை நீட்டாதவர். மற்றபடி நீட்டுவார். காலேஜ் பெண்களைக் கிண்டல் செய்த பையன்களை அவர் பஸ் ஸ்டாண்டு நடுவில் தோப்புக்கரணம் போட வைத்தபோது ஊரே கொண்டாடியது. ஸ்டாண்டு வாசலில் நின்று விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். லஞ்சம் வாங்குகிற ஆளாக இருந்திருந்தால், என் தாய்மாமா ஒரு 2,000 ரூபாயைக் கொடுத்து அன்று ராத்திரியே என்னை வெளியே எடுத்திருப்பார்.

இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த இடத்தில் அதைச் சொல்ல வாய் வராது. உள்ளங்காலில் லத்தி, அடித்து முடித்ததும் எழுந்து குதிக்கச் சொல்வார்கள், வீங்காமல் இருக்க. புதன்கிழமை மத்தியானம் "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன். எங்கே என்று கேட்டார். அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்த ஒரு ஊரைச் சொன்னேன். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் அந்த ஊர் முழுக்கத் தேடினார்கள். திரும்பி வந்ததும், ஏமாற்றியதற்காகத் தனியாக விழுந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி வந்துவிட்டது. வண்டிக்காரரின் மச்சினன் ஸ்பேர் சாவி போட்டு எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் போயிருக்கிறார். செல்லில் சார்ஜ் இல்லையாம். எஸ்.ஐ. எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "மனசுல வச்சுக்காத தம்பி" என்றார். நிஜமாகவே அன்பாகத்தான் சொன்னார்.

அந்த அடியெல்லாம் ஆறிவிட்டது. அன்று ராத்திரி அம்மா காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "நெஜமா நீ எடுக்கலையேப்பா?" வண்டி கிடைத்த பிறகு! அவ்வளவு நல்ல போலீஸ் சும்மா அடித்திருப்பாரா என்கிற சந்தேகம் அவருக்கு. இதை மட்டும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்கள் தொடருக்கு வருகிறேன். அந்த டாக்டர் எப்படிப்பட்டவன் என்று நமக்கு முன்பே காட்டிவிடுகிறார்கள். அதனால் மேக்கி அடிக்கிற அடி ஒன்றும் வீணாவதில்லை, சிறுமியும் கிடைத்துவிடுகிறாள். ஸ்கிரிப்ட் எழுதியவர் ஹீரோவின் காதில் பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் எஸ்.ஐ.க்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. ஆனால் மேக்கிக்கு இருக்கிற அதே நிச்சயம் அவருக்கும் இருந்தது.

அந்தத் தொடரை எடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதே எபிசோடு முடிவில், தன்னை வேவு பார்க்க வந்த சக போலீஸ்காரனை மேக்கி சுட்டுக் கொல்கிறானே, அதற்கும் தட்டினீர்களா? தொடருக்குப் பின்னால் இருப்பது லாஸ் ஏஞ்சலஸ் போலீசின் ராம்பார்ட் பிரிவில் நடந்த ஊழல். 1996இல் ஹாவியர் ஒவாண்டோ என்கிற 19 வயதுப் பையனை, கையில் ஆயுதம் இல்லாதவனை, இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டார்கள். பக்கத்தில் ஒரு துப்பாக்கியை வைத்து, எங்களைத் தாக்க வந்தான் என்று சாட்சி சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன அவனுக்கு 23 வருடம் சிறைத்தண்டனை. சுட்டவர்களில் ஒருவர் பின்னால் போலீஸ் கிடங்கிலிருந்து கொக்கெய்ன் திருடி மாட்டிக்கொண்டு, 1999இல் தண்டனையைக் குறைத்துக்கொள்ள வாயைத் திறந்ததால்தான் உண்மை வந்தது. அவர் திருடியிருக்காவிட்டால் அந்தப் பையன் இன்னும் எத்தனை வருடம் உள்ளே இருந்திருப்பானோ. அந்த விவகாரத்தில் ரத்தான தண்டனைகள் மட்டும் நூறுக்கு மேல்.

உடனே "குற்றவாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று வருவீர்கள், தெரியும். என் சித்தப்பா மகனே கான்ஸ்டபிள்தான், பொங்கலுக்குக்கூட லீவு கிடைக்காமல் அல்லாடுகிறவன். "உன் வீட்டுப் பெண்ணுக்கு நடந்தால்?" என்பீர்கள். நடந்தால் எனக்கும் வெட்டத்தான் தோன்றும். ஆனால் யாரை?

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. 2019 டிசம்பரில் ஹைதராபாத் பெண் டாக்டர் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரை போலீஸ் சுட்டுக் கொன்ற அன்று எங்கள் ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். அடி வாங்கிய நானும் வாங்கித் தின்றேன். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் 2022இல், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், நால்வரில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்று அறிக்கை கொடுத்தது. அன்றைக்கு ஆபீசில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும்தான். இப்போதும் கையில் மாவுக்கட்டோடு ஒருவன் போட்டோவைப் போட்டு, "பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார்" என்று மீம் வந்தால் குரூப்பில் பத்துப் பேர் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன்.

தொடரைப் பாருங்கள், தாராளமாகத் தட்டுங்கள். எனக்குக் கோபம் மேக்கி மேலும் இல்லை, அந்த எஸ்.ஐ. மேல்கூட அவ்வளவாக இல்லை. ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் மேல்தான். வண்டி கிடைத்து, நான் எடுக்கவில்லை என்று ஊருக்கே தெரிந்த பிறகு, சம்பள நாளன்று புதன், வியாழன் இரண்டு நாளும் வேலைக்கு வரவில்லை என்று 240 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்.