போட்டோ பிரிண்டரில் படம் கோடு கோடாக விழுகிறது. ஹெட் அடைக்காமல் இருக்க என்ன செய்வது?

மாதம் ஒருமுறைதான் பிரிண்ட் எடுக்கிறீர்கள் என்றால் காரணம் அதுதான். தாளில் மையைத் தெளிக்கும் பகுதிதான் ஹெட். அதில் இருப்பவை தலைமுடியைவிட மெல்லிய துளைகள்; மை அதிலேயே காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை எல்லா நிறமும் வரும்படி சின்னதாக ஒரு படம் அடியுங்கள்.

இன்னொன்று, வேலை முடிந்ததும் பலர் சுவர் சுவிட்சைத் தட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு ஹெட்டைக் காவு கொடுத்தேன். பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். சத்தம் அடங்கி விளக்கு அணைந்த பிறகு சுவிட்சை நிறுத்துங்கள்.

ஏற்கெனவே அடைத்திருந்தால் பிரிண்டர் மெனுவில் நாசில் செக் (எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம்) அடித்துப் பாருங்கள். கோடு விட்டிருந்தால் அதே மெனுவில் ஹெட் கிளீனிங் (மையைப் பாய்ச்சி அடைப்பை நீக்குவது) இரண்டு முறை. சரியாகாவிட்டால் ராத்திரி அப்படியே விட்டுக் காலையில் மறுபடி. விடாமல் பத்து தடவை போட்டால் மைதான் தண்டம். அத்தனையும் அடியிலுள்ள பஞ்சில் சேரும், அது நிரம்பினால் பிரிண்டரே மக்கர் பண்ணும்.