கோலாலம்பூரை நிறுவியது யார்? சீனத் தலைவர் யாப் ஆ லோய்தானா?

அவரை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். 1857இல் கிள்ளான் பகுதியை ஆண்ட மலாய் இளவரசர் ராஜா அப்துல்லா வெள்ளீயம் தேட 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பினார். கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் இறங்கி, காட்டு வழியே அம்பாங் போனார்கள். ஒரே மாதத்தில் பெரும்பாலானோர் மலேரியாவுக்குப் பலி. அவர்கள் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

யாப் ஆ லோய் ஊரின் மூன்றாவது சீனக் கப்பித்தான், அதாவது சீனச் சமூகத்தின் தலைவர்; பதவிக்கு வந்தது 1868இல். அதற்கு முன்பே, இரண்டு ஆறுகளும் கலக்கும் அந்த இடத்தில் கடைத்தெரு இருந்தது. சுமத்ராவிலிருந்து வந்த மண்டைலிங் இன வணிகர் சுத்தான் புவாசாதான் லுக்குட் என்ற ஊரிலிருந்து சீன வணிகர்களை அழைத்து வந்தார் என்றும், அவரே நிறுவனர் என்றும் ஒரு தரப்பு வாதிடுகிறது. எனக்கு அது வலுவான வாதமாகவே படுகிறது.

சரி, அப்புறம் யாப் ஆ லோய்க்கு ஏன் இவ்வளவு பெயர்? கோலாலம்பூர் அடங்கியிருந்த சிலாங்கூர் அரசின் உள்நாட்டுப் போரில் ஊர் எரிந்து சாம்பலானது. சுரங்கக்காரர்கள் ஊரைக் கைவிடாமல் தடுத்து, அதை மறுபடி கட்டியவர் அவர். 1880இல் சிலாங்கூரின் தலைநகரம் கிள்ளானிலிருந்து இங்கே மாறியதற்கு அந்த உழைப்பே அடித்தளம்.