டிஸ்டார்ஷன் ஒலிக்கு எந்த பிக்கப்? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் மூன்று சிங்கிள் காயில் பிக்கப்கள் (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பாகங்கள்) கொண்ட, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. சாதாரண ஒலியில் எந்தக் குறையும் இல்லை. டிஸ்டார்ஷன் பெடலை மிதித்து பவர் கார்டு வாசித்தால் மட்டும் ஒலி மெலிந்து, காதைக் குத்துகிறது. கையை எடுத்த உடனே 'ம்ம்ம்' என்ற இரைச்சல் அறையை நிரப்புகிறது. மெட்டல் வாசிக்க ஹம்பக்கர் வைத்த கிட்டார்தான் சரிப்படும், ஆக்டிவ் பிக்கப் என்றால் இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார். புதிய கிட்டாரே வாங்கிவிட வேண்டுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டியதில்லை. ஹம்பக்கரைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது உண்மை. அதற்காகக் கிட்டாரையே மாற்ற வேண்டும் என்பது வியாபாரம்.

முதலில் இரைச்சலைப் பார்ப்போம். சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒரே செப்புக் கம்பிச் சுருள். கிட்டார் கம்பியின் அதிர்வை உணரும் அதே சுருள், சுவருக்குள் ஓடும் மின்கம்பியிலிருந்தும் ஒலியைப் பெருக்கும் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் பரவும் காந்தப்புலத்தையும் வாங்கிக்கொள்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரைச்சல் 50, 100 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் வரும். தடித்த ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்தால், அது ஏன் உங்கள் கார்டுகளோடு ஒட்டிக்கொள்கிறது என்பது விளங்கும். டிஸ்டார்ஷன் பெடல் ஒலியைப் பல மடங்கு பெருக்கி, எல்லை தாண்டும் உச்சிகளை வெட்டிவிடுகிறது. உரத்த ஒலி அந்த எல்லைக்கு மேல் போக முடியாது. மெல்லிய இரைச்சலுக்கோ மேலே ஏற இடம் நிறைய இருக்கிறது. சாதாரண ஒலியில் காதில் படாதது பெடலை மிதித்ததும் பூதமாகக் கிளம்புவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் 1955இல் கண்ட வழிதான் ஹம்பக்கர். இரண்டு சுருள்களை எதிரெதிர் திசையில் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றி வைத்தால், கம்பியின் ஒலி ஒன்றோடொன்று கூடும், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் அகலமான பகுதியை உணர்வதாலும், இரண்டு சுருள்கள் தொடராக இணைவதாலும் உச்ச அதிர்வெண்கள் மட்டுப்பட்டு நடு அதிர்வெண்கள் முன்னே வருகின்றன. சாதாரண ஒலியில் இதைச் சற்று மந்தம் என்று சொல்வோர் உண்டு. டிஸ்டார்ஷனிலோ அந்த மந்தமே பலம். வெட்டுப்பட்ட ஒலி தானாகவே புதிய உச்ச அதிர்வெண்களைப் பிறப்பிப்பதால், உள்ளே போகும்போதே கூர்மையான ஒலி வெளியே வரும்போது காதைக் கிழிக்கிறது. உங்கள் கிட்டாரில் நடப்பது இதுவே.

காசு செலவில்லாத ஒரு வேலையை முதலில் செய்து பாருங்கள். ஆறு கம்பிகளையும் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, பிரிட்ஜ் பிக்கப்பின் (கம்பிகள் உடலில் தாங்கி நிற்கும் பிரிட்ஜுக்கு அருகே உள்ளது) மேற்புறத்துக்கும் கம்பிக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, அதை 2 மில்லிமீட்டருக்குக் கொண்டு வாருங்கள். பக்கத்துத் திருகுகளைத் திருப்பினால் பிக்கப் ஏறி இறங்கும். ஒரு மில்லிமீட்டர் ஏற்றத்தில் கிடைக்கும் மாற்றம் பலரை வியக்க வைத்திருக்கிறது. அதற்கு மேலும் நெருக்கினால் காந்தம் கம்பியை இழுத்துச் சுதியைக் குலைக்கும். பெடலின் கெயினையும் (ஒலியைப் பெருக்கும் அளவையும்) கால் பங்கு குறைத்துப் பாருங்கள். பவர் கார்டின் இரண்டு சுரங்களும் தெளிவாகப் பிரிந்து கேட்க, நாம் நினைப்பதைவிடக் குறைந்த கெயினே போதும்.

அப்படியும் நிறைவில்லை என்றால், சிங்கிள் காயில் அளவிலேயே செய்யப்பட்ட ஹம்பக்கர் ஒன்றை வாங்கி பிரிட்ஜில் மட்டும் பொருத்துங்கள். சேமூர் டங்கன் நிறுவனத்தின் ஹாட் ரெயில்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது. மரத்தைக் குடைய வேண்டாம். மற்ற இரண்டு பிக்கப்களின் தெளிந்த ஒலியும் உங்களிடமே இருக்கும். வால்யூம் பாட் (திருகுக்குக் கீழே உள்ள மாறுமின்தடை) 250 கிலோ ஓமாக இருந்தால் 500க்கு மாற்றச் சொல்வார்கள். டிஸ்டார்ஷனே நோக்கம் என்றால் உடனே மாற்றத் தேவையில்லை, பழையதில் ஒலி சற்று அடங்கியே வரும்.

ஆக்டிவ் பிக்கப் வேறு ஜாதி. இஎம்ஜி 81 போன்றவற்றின் உள்ளேயே ஒரு சிறு முன்பெருக்கி இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரி வேண்டும், 25 கிலோ ஓம் பாட்கள் வேண்டும். இரைச்சல் மிகக் குறைவு, கெயின் எவ்வளவு ஏற்றினாலும் ஒலி இறுக்கமாக நிற்கும். ஆனால் வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்க மறந்தால் பேட்டரி தீர்ந்துவிடும். வால்யூமைக் குறைத்து ஒலியைச் சுத்தமாக்கி வாசிப்பவர்களுக்கும் இது அவ்வளவாக இணங்காது. நாள் முழுவதும் மெட்டல் ரிதம் மட்டுமே வாசிப்பவருக்கு என்றால் தாராளமாகச் சொல்வேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பிக்கப் வாங்கும்போது 8 கிலோ ஓம், 16 கிலோ ஓம் என்று போட்டிருக்கிறார்கள். எண் கூடினால் டிஸ்டார்ஷன் கூடுமா?

பதில்: அந்த எண் சுருளின் மின்தடை, அவ்வளவே. மெல்லிய கம்பியைச் சுற்றினாலே மின்தடை ஏறிவிடும். பழைய கிப்சன் ஹம்பக்கர்கள் 7 முதல் 8 கிலோ ஓம். 1972இல் வந்த டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் ஏறத்தாழ 13.7, சேமூர் டங்கன் ஜேபி 16க்கு மேல். ஜேபி அதனால் டிமார்சியோவைவிட உரத்தது என்று முடிவு கட்ட முடியாது. காந்தம் ஆல்னிகோ என்ற உலோகக் கலவையா செராமிக்கா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதிக வெளியீடு என்பது பெரும்பாலும் ஆம்பின் கெயின் திருகை இன்னும் கொஞ்சம் திருப்புவதற்குச் சமம். திருகு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஹம்பக்கரைப் பொருத்தினேன். ஒலி முன்பைவிட மெலிந்து, தகர டப்பா போலக் கேட்கிறது. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பிக்கப் பழுது என்று முடிவு செய்யுமுன் இணைப்பைப் பாருங்கள். பிக்கப்பிலிருந்து வரும் நான்கு இணைப்புக் கம்பிகளின் வண்ணங்களுக்குப் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு: சேமூர் டங்கனில் வெளியீட்டுக் கம்பி கருப்பு, டிமார்சியோவில் சிவப்பு. ஒன்றின் வரைபடத்தைப் பார்த்து மற்றதைச் சால்டர் செய்தால் ஒரு சுருள் தலைகீழாகி, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். நீங்கள் சொல்லும் தகர ஒலி அதன் அச்சு அசலான அடையாளம். மெக்கானிக்கிடம் பத்து நிமிட வேலை. இணைப்பு சரியாக இருந்தும் ஒலி மாறவில்லை என்றால், மல்டிமீட்டர் காட்டும் மின்தடை அளவைப் படம் எடுத்து, ரசீதோடு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அடுத்த முறை, இணைப்புக் கம்பியை வெட்டிச் சால்டர் செய்வதற்கு முன்பே மல்டிமீட்டரில் அளந்து விடுங்கள். பொருத்திய தடம் தெரிந்தால் பல விற்பனையாளர்கள் திரும்பப் பெற மறுப்பார்கள்.