அணுக்கரு மோதலில் இருந்து அழுத்தத்தை எப்படி அறிகிறார்கள்?

மோதல் கண்ணிமைப்பதற்குக் கோடானுகோடி மடங்கு முன்பே முடிந்துவிடும்போது, உள்ளே இருந்த அழுத்தத்தை எவ்வாறு அளக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியாக யாரும் அளப்பதில்லை. வெளியேறும் துகள்களின் திசையிலிருந்து ஊகிக்கிறார்கள்.

இரு தங்க அணுக்கருக்கள் சற்றே விலகி மோதும்போது, நடுவில் நசுங்கும் பொருளின் அடர்த்தி இயல்பான கரு அடர்த்தியைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு வரையிலோ அதற்கு மேலோ உயர்கிறது. அங்கு எழும் அழுத்தம், மோதலில் சிக்காத ஓரப்பகுதிகளைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அவை வழிமறிக்கும் சிறுபொழுதில் நடுப்பொருள் மோதல் தளத்துக்கு (இரு கருக்களின் மையங்களும் செல்லும் தளம்) செங்குத்தாகப் பீறிடுகிறது. இந்த ஓட்டங்களைக் கணினி மாதிரிகளோடு ஒப்பிட்ட இயற்பியலாளர்கள் டானியெலெவிச், லேசி, லிஞ்ச் ஆகியோர், அடர்த்திக்கேற்ப அழுத்தம் எவ்வளவு உயரும் என்று சொல்லும் நிலைச் சமன்பாடுகளில் மிக இறுகியவற்றையும் (நசுக்கக் கடினமான பொருளைக் குறிப்பவை) மிக மென்மையானவற்றையும் (எளிதில் நசுங்கும் பொருளைக் குறிப்பவை) 2002-இல் ஒதுக்கினர்.

ஆனால் துகள்களுக்கிடையிலான விசை அவற்றின் உந்தத்தைச் (நிறை, வேகம் ஆகியவற்றின் பெருக்கம்) சார்ந்திருப்பதும் இதே ஓட்டத்தைத் தரக்கூடும். ஆகவே, ஜெர்மனியின் ஜிஎஸ்ஐ ஆய்வகத்தில் காவோஸ் என்ற ஆய்வுக் குழு அளந்த நேர்மின் கேயான் (மோதலில் புதிதாகப் பிறக்கும் ஒரு குறுவாழ்வுத் துகள்) எண்ணிக்கையையே நான் கூடுதலாக நம்புவேன். ஒரே மோதலில் கேயான் பிறக்கத் தேவையான தொடக்க ஆற்றலுக்குக் கீழே, பெரும்பாலும் துகள்களின் அடுத்தடுத்த மோதல்களால்தான் அது பிறக்கும் என்பதால், அடர்த்தி கூடினால் எண்ணிக்கையும் கூடுகிறது. தங்கக் கருக்களின் மோதலையும் கார்பன் கருக்களின் மோதலையும் ஒப்பிட்டால் மாதிரியின் பிழைகள் பெரிதும் கழிந்துவிடுகின்றன. கிடைத்த விடை, மென்மையான சமன்பாடு. நியூட்ரான் விண்மீனுக்கு இதை அப்படியே பொருத்த இயலாது: தங்கக் கருவில் சுமார் 40 விழுக்காடு புரோட்டான்கள், அங்கோ மிகச் சிலவே.