வருமானத்துக்கு வரியா, செலவுக்கு வரியா?

கேள்வி: சம்பளம் கைக்கு வருமுன்பே வருமான வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். மிச்சப் பணத்தில் எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி. வருமான வரியை அடியோடு எடுத்துவிட்டுச் செலவுக்கு மட்டும் வரி விதித்தால் என்ன? வருமான வரியை ஒழிக்க வேண்டும் என்று சுப்பிரமணியன் சுவாமி போன்றவர்களும் சொல்லி வருகிறார்களே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மனக்குறை நியாயமானது. சம்பளக்காரரால் வருமானத்தில் ஒரு ரூபாயைக்கூட மறைக்க முடியாது. விவசாய வருமானம் என்று கணக்குக் காட்டுகிறவருக்கும், ரொக்கத்திலேயே தொழில் நடத்துகிறவருக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. செலவுக்கு மட்டும் வரி என்றால் அவர்களும் கார் வாங்கும்போது வரி கட்டியே ஆக வேண்டும். சேமிக்கிற பணத்துக்கும் அதற்கு வரும் வட்டிக்கும் வரி இல்லை என்பதால் சேமிப்பு வளரும் என்ற வாதமும் வலுவானதே. இந்த இரண்டு நன்மைகளையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டின் திருத்திய மதிப்பீட்டில் தனிநபர் வருமான வரி சுமார் 12.57 லட்சம் கோடி ரூபாய். அதே ஆண்டில் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் சேர்த்து வசூலான மொத்த ஜிஎஸ்டி சுமார் 22.08 லட்சம் கோடி. முன்னதை நீக்கிவிட்டு அந்தப் பணத்தைப் பின்னதிலிருந்தே எடுப்பதானால், ஒவ்வொரு பொருளின் வரியும் ஒன்றரை மடங்குக்குமேல் ஏற வேண்டும். 18 சதவீதம் ஏறத்தாழ 28 ஆகும், 5 சதவீதம் 8ஐ நெருங்கும். விலை ஏறியதும் மக்கள் வாங்குவதைக் குறைத்துக்கொள்வார்கள் என்பதை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இப்போது இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் மாத வருமானம் 25,000 ரூபாய். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் என்று அத்தனையும் செலவாகிவிடுகிறது. அதில் ஜிஎஸ்டியாக 1,500 ரூபாய் போவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் வீட்டில் ஆண்டுச் சம்பளம் 24 லட்சம். 2025-26ஆம் நிதியாண்டின் புதிய வருமான வரி முறைப்படி, சம்பளக்காரர் எல்லாருக்கும் பொதுவான நிலைக்கழிவு 75,000 போக, ‘செஸ்’ என்ற கூடுதல் வரியும் சேர்த்து அவர் கட்டுவது 2,92,500 ரூபாய், அதாவது மாதம் 24,375. மாதம் 1 லட்சம் செலவிடுகிறார், அதில் ஜிஎஸ்டி 8,000 என்று கொள்வோம். மாற்றம் வந்தால் இவருக்கு ஜிஎஸ்டி சுமார் 4,560 ரூபாய் கூடும், வருமான வரி முழுவதும் நீங்கும். மாதம் 19,800 ரூபாய் மிச்சம். முதல் வீட்டுக்காரரோ இன்றும் வருமான வரி கட்டுவதில்லை. ஆகவே அவருக்கு நீங்குவதற்கு ஒன்றுமில்லை, மாதம் 850 ரூபாய் கூடுதல் சுமை மட்டுமே மிஞ்சும். வாங்குகிற சம்பளம் முழுவதையும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கொடுப்பவரிடம் கூடுதலாக எடுத்து, மூன்றில் ஒரு பங்குக்குமேல் சேமிக்க முடிகிறவருக்குக் கொடுக்கிற ஏற்பாட்டை என்னால் சீர்திருத்தம் என்று சொல்ல இயலவில்லை.

‘சேமித்தவர் என்றைக்காவது செலவழிக்கத்தானே வேண்டும், அப்போது வரி வரும்’ என்பார்கள். பெரும் செல்வம் செலவாவதில்லை. நிலமாகவும் பங்குகளாகவும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறது. நம் நாட்டில் மரணத்துக்குப் பின் சொத்துக்கு விதித்த வரி 1985இல் நீக்கப்பட்டது. செல்வ வரியை 2015ஆம் ஆண்டு பட்ஜெட் கைவிட்டது. இந்த நிலையில் வருமான வரியும் போய்விட்டால், சேர்கிற செல்வத்தைத் தொடுவதற்குப் பெரிய வரி எதுவும் மிஞ்சாது.

விகிதம் ஏற ஏற ஏய்ப்பும் ஏறும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 25 கிலோ வரையிலான, முத்திரையிட்ட அரிசிப் பைக்கு 2022 ஜூலையில் 5 சதவீத வரி வந்ததும், ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கின. 5 சதவீதத்துக்கே இப்படி என்றால், 28 சதவீதம் வந்தால் ‘பில் வேண்டாம் என்றால் விலையைக் குறைக்கிறேன்’ என்று சொல்லாத கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: அதிகம் செலவழிப்பவருக்கு அதிக விகிதம் என்று செலவு வரியையே படிப்படியாக வைத்தால் ஏழைக்குப் பாதிப்பு இராதே? எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: நம் நாட்டிலேயே செய்து பார்த்தார்கள். இந்தியாவின் வரிகளை ஆராய்ந்து 1956இல் அறிக்கை தந்த கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டார், ஒருவர் சமூகத்துக்குச் சேர்ப்பதைவிட அதிலிருந்து எடுத்துக்கொள்வதற்கு வரி விதிப்பதே முறை என்று கருதியவர். நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி அவர் யோசனையை ஏற்று 1957இல் செலவு வரியைக் கொண்டுவந்தார். பெரும் வருமானக்காரர்களின் ஆண்டுச் செலவுக்கு மட்டும், செலவு கூடக்கூட விகிதமும் கூடும்படி அது அமைந்தது. மொரார்ஜி தேசாய் 1962இல் அதை நீக்கினார்; மீண்டும் நிதியமைச்சரான டி.டி.கே. 1964இல் திரும்பக் கொண்டுவந்தார். 1966இல் அது முற்றாகப் போயிற்று. இலங்கையும் கால்டாரின் யோசனைப்படி இதே வரியை விதித்துப் பின்னர் கைவிட்டது.

காரணத்தைப் புரிந்துகொள்வது எளிது. ஒருவரின் ஆண்டுச் செலவைக் கடை கடையாகப் போய்க் கூட்ட முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த கையிருப்போடு வருமானத்தையும் வாங்கிய கடனையும் சேர்த்து, அதிலிருந்து முதலீட்டையும் ஆண்டு முடிவில் உள்ள இருப்பையும் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படியானால் வருமானக் கணக்கு வேண்டாம் என்ற நிம்மதி போய், அதற்குமேல் கடன் கணக்கும் சொத்துக் கணக்கும் சேர்ந்துகொள்கின்றன. மகளுக்குத் திருமணம் செய்த ஆண்டில் மட்டும் ஒருவரின் விகிதம் உச்சிக்குப் போய்விடும் என்ற சிக்கலும் உண்டு. அந்தக் காலத்தில் வசூலான தொகையும் மிகச் சொற்பம். ஆனாலும் நியாயத்தின் அடிப்படையில் பார்த்தால், ஜிஎஸ்டியை உயர்த்துவதைவிட இதுவே எவ்வளவோ மேலான யோசனை என்பேன். வங்கிக் கணக்கும் பங்குக் கணக்கும் பான் எண்ணோடு இணைந்திருக்கிற இன்று, வருமான வரியோடு சேர்த்து மிகப் பெரிய செலவாளிகளுக்கு மட்டும் அதை மறுபடி பரிசீலிக்க இடமிருக்கிறது.

கேள்வி: ஓய்வூதியமும் வைப்புத்தொகை வட்டியுமாக வாழ்கிறேன். வருமான வரி போனால் என்னைப் போன்ற மூத்தவர்களுக்கு நல்லதுதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 12 லட்சத்துக்குள் இருந்தால், 2025-26 முதல் புதிய முறையில் உங்களுக்கு வரியே இல்லை, ஆகவே அதை நீக்குவதால் உங்கள் கைக்கு எதுவும் வராது. மாறாக, நீங்கள் பணியில் இருந்தபோது வருமான வரி கட்டிய பிறகு மிச்சம் பிடித்த பணம்தான் இன்று வைப்புத்தொகையாக இருக்கிறது. அதை எடுத்துச் செலவழிக்கும்போது உயர்ந்த விகிதத்தில் இன்னொரு முறை வரி கட்ட நேரும். இளைஞருக்குச் சேமித்துச் சமாளிக்கக் காலம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீதம் முழுவதும் நீக்கப்பட்டது. 12 லட்சம் கோடியை நுகர்விலிருந்தே திரட்ட வேண்டிய அரசு, இந்தச் சலுகைகளை நீடிக்க விடும் என்று நான் நம்பவில்லை.