எழுதிக் கொடுத்த காகிதம் குளத்துக்காரரைக் காப்பாற்றாது

கேள்வி: ஐயா, என் மகனுக்குப் பத்து வயது. கோடை விடுமுறையில் எங்கள் ஊரில் உள்ள ஒரு தனியார் நீச்சல் குளத்தில் பயிற்சிக்குச் சேர்த்தோம். கட்டணம் 3,000 ரூபாய், ரசீது இருக்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள், மாஸ்டர் ஒருவர்தான். மூன்று வாரத்துக்கு முன்பு பயிற்சி முடிந்து பிள்ளைகளைக் கரையேற்றும்போது என் மகனைக் காணவில்லை. அப்புறம்தான் ஆழமான பக்கத்தில் தேடி எடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது. போலீசார் 194 என்று போட்டு வழக்குப் பதிந்திருக்கிறார்கள். குளத்துக்காரர், “பையன் கத்தவே இல்லை, வலிப்பு வந்திருக்கும், அதோடு பயிற்சி நடத்தியது வேறொருவர், எனக்குச் சம்பந்தமில்லை” என்கிறார். சேர்க்கும்போது “விபத்து நடந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற காகிதத்தில் என் கணவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது 3 லட்சம் தருகிறோம், வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள் என்று ஆள் அனுப்புகிறார்கள். போன உயிர் திரும்பவா போகிறது, வாங்கிக்கொள் என்று சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள். நாங்கள் கையெழுத்துப் போட்டதால் உரிமை போய்விட்டதா? என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் உரிமை போகவில்லை. அந்தக் காகிதத்தை நினைத்து நீங்களோ உங்கள் கணவரோ ஒரு நிமிடம்கூட உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பதிலை விரிவாகப் படிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. குளத்தில் கேமரா இருந்தால் அந்தப் பதிவைக் காப்பாற்றுங்கள். பெரும்பாலான கருவிகளில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. “சம்பவ நாளின் கேமரா பதிவு, அன்றைய வருகைப் பதிவேடு, பயிற்சியாளர் மற்றும் உயிர்காவலர் நியமன ஆவணங்கள் எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது” என்று குளத்தின் உரிமையாளருக்கு இன்றே டெலிவரி ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். ஆவணங்களையும் கருவிகளையும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 94-வது பிரிவில் காவல் துறைக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்படி மனுவில் கேளுங்கள். உங்கள் நோட்டீஸுக்குப் பிறகும் பதிவு காணாமல் போனால், அதை நீதிமன்றம் அவருக்கு எதிராகவே பார்க்கும்.

இந்த மாதிரி வழக்குகள் எல்லாமே கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: அந்த நிமிடத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர் யார், அவர் எங்கே இருந்தார்? இனி நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு காகிதமும் சாட்சியும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதாக இருக்கட்டும்.

“பையன் கத்தவே இல்லை” என்று அவர் சொல்வது உங்களுக்குச் சாதகமான வாக்குமூலம். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் நொடியில் மூச்சை இழுக்கவே நேரம் போதாது, குரல் எங்கிருந்து வரும்? கையைத் தூக்கி ஆட்டவும் முடியாது, கை தானாகவே தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் குளிப்பவர்களுக்கே தெரியாமல் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். அதனால்தான் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவர் போதாது, வேறு எந்த வேலையும் இல்லாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க உயிர்காவலர் ஒருவர் தனியாக வேண்டும். முப்பது பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, சத்தம் வந்தால் ஓடலாம் என்று இருந்ததே கவனக்குறைவு. கரையேற்றும்போது தலை எண்ணித்தான் ஒரு பிள்ளை குறைகிறது என்று தெரிந்திருக்கிறது என்றால், தண்ணீருக்குள் இருந்த நேரம் முழுக்க யாரும் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? வெளியே எடுத்ததும் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதினார்களா, நெஞ்சை அழுத்தினார்களா, இல்லை வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்த்தார்களா என்பதையும் விசாரித்து எழுதிவையுங்கள். மூளைக்கு ஆக்சிஜன் போகாத ஒவ்வொரு நிமிடமும் உயிர் விஷயம். முதலுதவி தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை என்றால் அது தனிக் குறைபாடு.

வலிப்பு என்கிறாரே, அது அவர்தான் நிரூபிக்க வேண்டிய கதை. பிரேத பரிசோதனை அறிக்கையின் நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். உள்ளுறுப்புகளைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கை எப்போது வரும் என்றும் கேளுங்கள். மகனுக்கு இதுவரை வலிப்பே வந்ததில்லை என்றால், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அதை எழுதி வாங்கி வையுங்கள். ஒரு பேச்சுக்கு வலிப்பே வந்தது என்று வைத்துக்கொண்டாலும், கண் வைத்த ஆள் இருந்திருந்தால் நொடிகளில் தூக்கியிருப்பார். அதனால் அந்த வாதம் அவரை முழுதாகத் தப்பவைக்காது.

சரி, போலீஸ் வழக்குக்கு வருவோம். 194 என்பது அதே சுரக்ஷா சன்ஹிதாவில் இயற்கைக்கு மாறான மரணங்களில் இறப்பின் காரணத்தை விசாரிக்கும் பிரிவு. அதில் குற்றவாளி என்று யாரும் இல்லை. இப்படியே விட்டால், சில மாதம் கழித்து ‘விபத்து, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று கோப்பை மூடிவிடலாம். நீங்கள் கேட்க வேண்டியது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 106(1) பிரிவுக்கு மாற்றும்படி. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் அது. 2024 ஜூலை 1-க்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304ஏ-யில் இதற்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. இப்போது ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

என்ன நடந்தது, எத்தனை பிள்ளைகள், எத்தனை பொறுப்பாளர்கள், உயிர்காவலர் இருந்தாரா, ஆழமான பகுதியைத் தடுக்கும் கயிறோ மிதவையோ இருந்ததா என்று தெளிவாக ஒரு புகார் எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுங்கள். மனு ரசீது வாங்காமல் வர வேண்டாம். பதிவு செய்ய மறுத்தால் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி அதே புகாரை எஸ்.பி.க்கோ, மாநகரமாக இருந்தால் ஆணையருக்கோ தபாலில் அனுப்பலாம். அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்துடன் மனுப் போட்டு, 175(3) பிரிவின் கீழ் விசாரணைக்கு உத்தரவு கேட்கலாம். வழக்குப் பதிவானபின், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீசாரின் சட்டக் கடமை. கோப்பை மூட முயன்றால் புகார்தாரர் என்ற முறையில் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும். மாஜிஸ்திரேட் முன் ஆட்சேபம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சாட்சி யார் என்று யோசிப்பீர்கள். அன்று குளத்தில் இருந்த மற்ற பிள்ளைகள்தான். பிள்ளை சாட்சி செல்லாது என்பது தவறான எண்ணம். கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல முடிந்தால் சிறுவனும் சாட்சி சொல்லலாம். அந்தப் பெற்றோர்களிடம் இப்போதே பேசுங்கள், நாளாக ஆக அவர்களும் ஒதுங்கத்தான் பார்ப்பார்கள். பயிற்சிக்கான வாட்ஸ்அப் குழு இருந்தால் அதிலிருந்து வெளியேறாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். சேர்க்கைக்கான விளம்பரம், பழைய வீடியோக்கள், “மாஸ்டர் இன்று லீவு” போன்ற செய்திகள் எல்லாம் ஆதாரம். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்க அதற்கான சான்றிதழ் வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

“பயிற்சி நடத்தியது வேறொருவர்” என்ற பேச்சு எனக்கு நன்றாகப் பழக்கமானது. உயிரிழப்பு நடந்த இடத்தில் எல்லாம் முதலில் வருவது இதுதான். 1995 மே மாதம் பஞ்சாபில் ஒரு தனியார் பள்ளி பிக்னிக் கூட்டிப்போனபோது பியாஸ் ஆற்றில் 14 மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். தவறு ஆசிரியர்களுடையது என்றால் நிர்வாகம் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆசிரியர்கள் பணியின் போக்கில் செய்த தவறுக்குப் பள்ளி பொறுப்பு என்று 2001-ல் சொன்ன நீதிமன்றம், குழந்தை ஒன்றுக்கு 5 லட்சம் இழப்பீட்டை உறுதி செய்தது. 2014 ஜூனில் ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா போன 24 பொறியியல் மாணவர்களை, இமாச்சலில் லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். அங்கும் மின்வாரியம், கல்லூரி, அரசு என்று பல தரப்பு. யாரையும் முழுதாக விட்டுவிடாமல் 60, 30, 10 விழுக்காடு என்று பொறுப்பைப் பிரித்து, மாணவர் ஒருவருக்கு 20 லட்சம் தர உத்தரவிட்டது இமாச்சல் உயர் நீதிமன்றம். எனவே நீங்கள் குளத்து உரிமையாளர், பயிற்சி நடத்தியவர், மாஸ்டர் மூன்று பேரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். யார் பங்கு எவ்வளவு என்று அவர்கள் நீதிமன்றத்தில் அடித்துக்கொள்ளட்டும். குளத்துக்கு உள்ளாட்சி உரிமம் இருந்ததா, கடைசியாக யார் ஆய்வு செய்தார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகராட்சியிடமோ மாநகராட்சியிடமோ கேளுங்கள்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இழப்பீடு வேறு, சிறைத்தண்டனை வேறு. சம்பவ இடத்தில் இல்லாத உரிமையாளரைக் குற்ற வழக்கில் தண்டிக்க, அவருடைய சொந்தத் தவறே மரணத்துக்கு நேரடிக் காரணம் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். உயிர்காவலரையே வைக்காமல் குளத்தைத் திறந்துவிட்டது அவருடைய முடிவு என்று காட்ட முடிந்தால் வழக்கு நிற்கும். 59 பேர் இறந்த டெல்லி உபகார் தியேட்டர் தீ விபத்தில் உரிமையாளர்கள் குற்றவாளிகள்தான் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இழப்பீட்டுக்கு உங்களுக்கு நல்ல வழி நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கிக்கொண்டு தந்த சேவையில் கவனக்குறைவு என்றால் அது சேவைக் குறைபாடு. இறந்த பிள்ளையின் பெற்றோர் புகார் தரலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம். 2019 சட்டத்தின்படி, எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் தொகையை வைத்து அல்ல, கொடுத்த கட்டணத்தை வைத்தே முடிவாகும். எனவே எவ்வளவு இழப்பீடு கேட்டாலும் உங்கள் வழக்கு மாவட்ட ஆணையத்துக்குத்தான் போகும், 3,000 ரூபாய் சேவைக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு. 1855-ம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டப்படி சிவில் வழக்கும் போடலாம். அதற்கும் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான், நீதிமன்றக் கட்டணமும் உண்டு. ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது என்பதால் நுகர்வோர் வழியையே தேர்ந்தெடுங்கள். போலீஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், இரண்டும் தனித்தனியாக நடக்கும்.

நுகர்வோர் வழியின் பலத்துக்கு கோவளம் வழக்கு ஒன்று போதும். 2006-ல் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் நீச்சல் குளத்தில் தங்க வந்த ஒருவர் மூழ்கி இறந்தார். உயிர்காவலராக இருந்தவருக்கே மதுக்கூட வேலையும் கொடுத்திருந்தார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 62.5 லட்சம் இழப்பீடு விதித்தது, உச்ச நீதிமன்றம் 2019-ல் அதை உறுதி செய்தது. உங்கள் வழக்கிலும் அவ்வளவு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சம்பாதிக்கும் வயதில் இருந்தவர், குழந்தைகளின் விஷயத்தில் நீதிமன்றங்கள் வேறு கணக்குப் போடுகின்றன, அந்தத் தொகை குறைவாகவே வருகிறது. அது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

கையெழுத்துப் போட்ட காகிதம் பற்றி: குற்ற வழக்கை எந்தத் தனியார் ஒப்பந்தமும் தடுக்காது. நுகர்வோர் ஆணையத்திலும், பாதுகாப்புத் தருகிறோம் என்று பணம் வாங்கிவிட்டு, பாதுகாக்கத் தவறினாலும் பொறுப்பில்லை என்று எழுதி வாங்குவது எடுபடாது. நீச்சலில் சிறு காயம் போன்ற இயல்பான ஆபத்துகளுக்கு நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள், ஆளே இல்லாத குளத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியாக அந்த 3 லட்சம். பணம் வாங்குவது பாவமும் அல்ல, மகனுக்குச் செய்யும் துரோகமும் அல்ல. சொந்தக்காரர்கள் சொல்வதற்காகவும் வாங்காதீர்கள், கோபத்துக்காகவும் மறுக்காதீர்கள். ஆனால் “வழக்கு வேண்டாம், முழுத் திருப்தி” என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கவனக்குறைவால் மரணம் என்பது சட்டப்படி இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொள்ளும் குற்றம் அல்ல, அதனால் அந்தக் காகிதம் போலீஸ் வழக்கைத் தானாக முடித்துவிடாது. ஆனால் உங்கள் இழப்பீட்டு வழக்கை அது பலவீனமாக்கும். இப்போது தந்தே தீருவேன் என்றால் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ தரட்டும், “சட்ட உரிமைகளுக்குப் பாதகமில்லாமல், இடைக்கால உதவியாக” பெற்றோம் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால், அவர் வாங்க வந்தது உங்கள் கையெழுத்தைத்தான். குளத்துக்குப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்றும் வக்கீல் நோட்டீஸில் கேளுங்கள், இருந்தால் காப்பீட்டு நிறுவனத்தையும் வழக்கில் சேர்க்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது கட்டண ரசீது, முதல் தகவல் அறிக்கையின் நகல், மகனின் பிறப்பு மற்றும் இறப்புச் சான்றிதழ்கள், ஸ்பீட் போஸ்ட் ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் உள்ள போன் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். புகாரை உங்கள் பெயரிலேயே கொடுங்கள்.